கணக்குத் தாளில் சூத்திரம் அழியாமல் காப்பது எப்படி?



நம்மில் பெரும்பாலோர் இன்று கடைக் கணக்கைக் கணினியில்தான் எழுதுகிறோம். நம் தகப்பனார் காலத்துப் பேரேடுகள் பரண்மேல் ஏறிவிட்டன. எண்ணைத் தட்டினால் போதும், மொத்தம் தானே வந்து நிற்கின்றது. கூட்டல் தப்பிவிடுமோ என்ற கவலை நமக்கு இல்லை. அந்தக் கவலை இல்லாமற் போனதுதான் ஆபத்து என்பதை நான் சற்றுக் கசப்பாகக் கற்றுக்கொண்டேன்.

நான் கணினி படித்தவனல்லன். மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்த படிப்போடு மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். ஆயினும், எக்செல் தாளில் ஒரே ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழையினால், ஒரு நல்ல மனிதரைச் சந்தேகிக்கும்படி ஆயிற்று. மற்றவர்களுக்கு அது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்க. தெரியாதவர்கள் இன்றிரவே தங்கள் தாளைத் திறந்து சோதித்துப் பார்க்க.

நடந்த சங்கதி

எங்கள் கடையில் நாள் ஒன்றுக்கு ஒரு வரி எழுதுவோம். தேதி, மொத்த விற்பனை, நெட்ஸ் மற்றும் பேநவ் மூலம் வந்த தொகை, கல்லாவிலிருந்து எடுத்துச் செய்த ரொக்கச் செலவு என்று நான்கு பத்திகள். மாதக் கடைசியில் ஒவ்வொரு பத்திக்கும் மொத்தம். விற்பனையில் நெட்ஸ், பேநவ் தொகையையும் செலவையும் கழித்தால் மீதி ரொக்கம் தெரியும். பேங்கில் கட்டியதும் கல்லாவில் இருப்பதும் சேர்ந்து அதற்குச் சரியாக வரவேண்டும்.

ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தேன். 1,284 வெள்ளி குறைந்தது.

பத்து இருபது வெள்ளி குறைந்தால் சில்லறை கொடுத்ததில் தவறு என்று விட்டுவிடலாம். ஆயிரத்துக்கு மேல் குறைந்தால் மனம் எங்கே போகும் என்பது கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கல்லாவில் இருப்பவர் வாப்பா காலத்திலிருந்து உடனிருக்கும் பெரியவர். நான் அவரை நானா என்று அழைப்பேன். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மூன்று நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவுமில்லை. இரவில் அவர் எண்ணி வைத்த பணத்தை நான் மறுபடி எண்ணினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நான்காம் நாள் கடை அடைக்கும் நேரத்தில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, கல்லாச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் கண் மங்கிக்கொண்டு வருகிறது.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாளை மறுபடி திறந்து, செலவுப் பத்தியை மட்டும் பழைய வழக்கப்படி காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். 3,214 வெள்ளி வந்தது. தாளிலோ 1,930 என்று இருந்தது. கழித்துப் பார்த்தேன். மிச்சம் 1,284!

அந்த மொத்தக் கட்டத்தின்மேல் அம்பை வைத்து அழுத்தினேன். மேலே உள்ள நீண்ட பட்டையில் “இந்த வரி முதல் இந்த வரி வரை கூட்டு” என்ற சூத்திரம் தெரியவேண்டும். அங்கே வெறும் 1930 என்றுதான் இருந்தது. சமக்குறிகூட இல்லை.

மருமகனைக் கேட்டேன். விடுமுறையில் உதவிக்கு வந்திருந்த பிள்ளை. யோசித்துச் சொன்னான்: “பதினெட்டாம் தேதி நீங்கள் போனில் செலவு எவ்வளவு ஆச்சு என்று கேட்டீர்கள் மாமா. 1,885 என்று காட்டியது. ஒரு 45 வெள்ளி பில் எழுதாமல் கிடந்தது. அதையும் சேர்த்து மொத்தத்தில் 1,930 என்று போட்டேன். அப்புறம் பில்லையும் அதன் கட்டத்தில் எழுதிவிட்டேன்.”

கவனியுங்கள். அவன் போட்டது தவறான எண்ணல்ல. பதினெட்டாம் தேதி மாலை 1,930 என்பது சத்தியமான கணக்கு. ஆனால் பத்தொன்பதாம் தேதி முதல் அது பொய். அதன்பின் பன்னிரண்டு நாட்கள் எழுதிய செலவு எதுவும் அந்த மொத்தத்தில் ஏறவில்லை. கணினி ஒரு வார்த்தை எச்சரிக்கவுமில்லை.

சூத்திரத்தின் மேல் எண்ணை எழுதுவதில் உள்ள அபாயம் இதுதான். எழுதிய அன்று அது சரியாகவே இருக்கும். சரியாக இருப்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை.

சூத்திரம் என்பது என்ன?

இந்த மின் கணக்குத் தாள் முதன்முதலாக 1979-ஆம் ஆண்டில் விசிகால்க் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்லின் என்பவருக்குத் தோன்றிய யோசனை அது. கரும்பலகையில் ஆசிரியர் ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த மற்ற எண்களையெல்லாம் அழித்து எழுதவேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறினால் என்ன என்று அவர் நினைத்தார். பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பருடன் சேர்ந்து அதைச் செய்து முடித்தார். எக்செல் 1985-இல் வந்தது.

ஆகவே தாளில் இரண்டு ஜாதிக் கட்டங்கள் உண்டு. ஒன்று, நாம் எண் எழுதும் கட்டம். மற்றொன்று, சமக்குறியில் தொடங்கும் கட்டளையை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே விடையை மட்டும் காட்டும் கட்டம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பேரேட்டில் மொத்தத்தை அடித்து எழுதினால் அடித்த கோடு தெரியும். இங்கே கோடும் இல்லை, மையும் இல்லை. கட்டளை போய்விடும், எண் மட்டும் அப்பாவி போல் உட்கார்ந்திருக்கும்.

எவ்வெவ்வாறு அழிகின்றது?

1. எண்ணை மேலே தட்டிவிடுதல். மேலே சொன்னது இதுவே. கைப்பேசியில் எழுதுகிறவர்களுக்கு இது அதிகம். கட்டம் சிறிது, விரல் பெரிது.

2. டெலீட் விசையை அழுத்துதல். புது மாதம் தொடங்கும்போது பழைய எண்களைத் துடைக்க, தாள் முழுவதையும் தேர்ந்து டெலீட் அழுத்துவார்கள். எண்ணோடு சூத்திரமும் போய்விடும்.

3. வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டுதல். பேங்க் அறிக்கையிலிருந்தோ சரக்குப் பட்டியலிலிருந்தோ ஒரு பெரிய துண்டைக் கொண்டுவந்து ஒட்டும்போது, அது பக்கத்துப் பத்தியில் இருந்த சூத்திரங்களையும் மூடிவிடும்.

4. கெட்ட வரியை நகல் எடுத்தல். ஒரு வரியில் சூத்திரம் போயிருப்பது தெரியாமல், அந்த வரியையே கீழே இழுத்து நிரப்பினால், ஒரு பிழை முப்பது பிழையாகும்.

வரி விகிதம் மாறும்போது இது இன்னும் துன்பம் தரும். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2023 ஜனவரி முதல் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆயிற்று. 2024 ஜனவரி முதல் தேதி 9 ஆயிற்று. விகிதத்தை ஒரே கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டங்களெல்லாம் அதைப் பார்த்துக் கணக்கிடும்படி செய்திருந்தால், ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் நடுவில் யாராவது ஒரு சரக்குக்கு வரித் தொகையைக் கையால் எழுதியிருந்தால், மற்றவையெல்லாம் புது விகிதத்துக்குப் போக, அது ஒன்று மட்டும் பழைய விகிதத்திலேயே நிற்கும்.

முதற் காப்பு: எழுதும் இடம் வேறு, கணக்கிடும் இடம் வேறு

நாம் எழுதும் கட்டங்களுக்கு ஒரு நிறம் கொடுங்கள். நான் இளமஞ்சள் கொடுத்திருக்கிறேன். சூத்திரம் உள்ள கட்டங்கள் சாம்பல் நிறம். “மஞ்சளில் எழுது, சாம்பலைத் தொடாதே” என்று ஒரே வாக்கியத்தில் புதிதாக வந்த பையனுக்கும் சொல்லிவிடலாம்.

முடிந்தால் இரண்டு தாள்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அன்றாடம் எழுதுவது, மற்றொன்றில் மொத்தங்கள். எழுதுகிறவர் இரண்டாவது தாளைத் திறக்கவேண்டிய அவசியமே இராது.

இரண்டாவது காப்பு: பூட்டு

நிறம் என்பது வேண்டுகோள்தான், பூட்டுத்தான் தடை. எக்செலில் பூட்டுவதில் பலர் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. எல்லாக் கட்டங்களுக்கும் பூட்டு முன்பே மாட்டப்பட்டிருக்கிறது, ஆனால் சாவி திருப்பப்படவில்லை. சாவியைத் திருப்பினால் எல்லாமே பூட்டிக்கொள்ளும், நாம் எழுதும் கட்டமும் சேர்த்து. ஆகவே முதலில் எழுதும் கட்டங்களின் பூட்டைக் கழற்றிவிட்டுப் பிறகு சாவியைத் திருப்பவேண்டும். முறை இது:

1. எண் எழுதும் மஞ்சள் கட்டங்களைத் தேர்ந்துகொள்க.

2. கண்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்துக. திறக்கும் பெட்டியில் “புரொடெக்‌ஷன்” என்ற கடைசிப் பக்கத்துக்குப் போய், “லாக்டு” என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டு ஓகே கொடுக்க.

3. மேலே “ரிவ்யூ” என்ற பகுதியில் “புரொடெக்ட் ஷீட்” என்பதை அழுத்துக.

4. அங்கே வரும் பட்டியலில் முதலாவதாக உள்ள “செலக்ட் லாக்டு செல்ஸ்” என்பதன் குறியையும் எடுத்துவிடுக. ஓகே கொடுக்க.

இப்போது மஞ்சள் கட்டங்களைத் தவிர வேறெதிலும் அம்பு நிற்காது. டேப் விசையைத் தட்டினால் ஓர் எழுதும் கட்டத்திலிருந்து அடுத்த எழுதும் கட்டத்துக்கே தாவும். வேலையும் விரைவாக நடக்கும்.

கடவுச்சொல் போடுவது உங்கள் விருப்பம். போட்டால் அதை எழுதிப் பத்திரப்படுத்துக. மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டே மீட்டுத் தராது. இந்தப் பூட்டு திருடனைத் தடுக்கும் பூட்டுமன்று. விவரம் தெரிந்தவர் கழற்றிவிடலாம். கைதவறுதலைத் தடுக்க இது போதும், நமக்கு வேண்டியதும் அதுவே.

கூகுள் ஷீட்ஸ் உபயோகிப்பவர்கள் “டேட்டா” என்ற பகுதியில் “புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்” என்பதைப் பார்க்க. அங்கே மற்றவர்கள் தொடாதபடி தடுக்கலாம். அல்லது தொட்டால் எச்சரிக்கும்படி மட்டும் செய்யலாம். உரிமையாளரான நம் கையும் தவறக்கூடியதே ஆதலால், அந்த எச்சரிக்கை நமக்கும் நல்லது.

மூன்றாவது காப்பு: வெற்றுத் தாள்

சென்ற மாதத் தாளைத் துடைத்து இந்த மாதத்துக்கு எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சூத்திரங்கள் சரியாக உள்ள வெற்றுத் தாள் ஒன்றைத் தயார் செய்து, பூட்டி, சேமிக்கும்போது “எக்செல் டெம்ப்ளேட்” என்ற வகையைத் தேர்ந்து வைத்துக்கொள்க. பிறகு அந்தக் கோப்பின்மேல் இருமுறை தட்டித் திறக்கும்போது புதிய நகல் ஒன்றுதான் திறக்கும். மூலம் அப்படியே இருக்கும். அந்த நகலுக்கு மாதத்தின் பெயரைக் கொடுத்துச் சேமிக்கலாம்.

இதில் வேறொரு லாபமும் உண்டு. பழைய மாதத் தாள்கள் அழியாமல் இருக்கும். வணிகக் கணக்குப் பத்திரங்களைச் சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுகளும் மலேசியாவில் ஏழு ஆண்டுகளும் வைத்திருக்கவேண்டும் என்பது வரிச் சட்டம். துடைத்துத் துடைத்து எழுதும் ஒரே தாளில் எதைக் காட்டுவது?

நான்காவது காப்பு: ஒட்டும்போது நிதானம்

பூட்டு போட்ட பிறகும் ஒரு சந்து உண்டு. வேறிடத்திலிருந்து நகல் எடுத்துச் சாதாரணமாக ஒட்டினால், எண்ணோடு அந்தக் கட்டத்தின் நிறமும் பூட்டும் சேர்ந்து வந்துவிடும். நேற்றுவரை எழுத முடிந்த கட்டத்தில் இன்று எழுத முடியாமற்போகும். ஆகவே ஒட்டும்போது “பேஸ்ட் ஸ்பெஷல்” என்பதில் “வேல்யூஸ்” என்பதைத் தேர்ந்து, எண்ணை மட்டும் ஒட்டுக.

இன்னொன்று. தவறான கட்டத்தில் எழுதிய எண்ணை, கண்ட்ரோல் எக்ஸ் போட்டு வெட்டி, சரியான கட்டத்துக்கு நகர்த்தாதீர்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சூத்திரமும் அதன் பின்னாலேயே போய்விடும். தவறான எண்ணை அழித்துவிட்டு, சரியான இடத்தில் புதிதாகத் தட்டுவதே மேல்.

ஐந்தாவது காப்பு: இருவழிக் கூட்டல்

இது பழைய கணக்குப்பிள்ளைகளின் முறை. அகலவாட்டில் கூட்டியதும் நெடுகக் கூட்டியதும் ஒன்றாக வரவேண்டும் என்பார்கள்.

இப்போது என் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்தாவது பத்தி ஒன்று உண்டு. அன்றைய மீதி ரொக்கம் அதில் வரும். உதாரணமாக, விற்பனை 1,240. நெட்ஸ், பேநவ் 705. செலவு 107 என்றால், மீதி 428. இந்த மீதிகளை நெடுகக் கூட்டினால் ஒரு தொகை வரும். அடியிலுள்ள விற்பனை மொத்தத்திலிருந்து மற்ற இரண்டு மொத்தங்களையும் கழித்தால் ஒரு தொகை வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாளின் மூலையில் “சரி” என்று எழுதும்படியும், மாறினால் சிவப்பாகும்படியும் செய்திருக்கிறேன். இது அன்றே இருந்திருந்தால் பத்தொன்பதாம் தேதியே சிவப்பு விழுந்திருக்கும்.

மாதம் ஒரு முறை வேறொரு சோதனையும் செய்க. விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம், டேப் விசைக்கு மேலே ஒரு விசை இருக்கும். கண்ட்ரோலோடு அதை அழுத்தினால், விடைகள் மறைந்து சூத்திரங்களே தாள் முழுவதும் தெரியும். சூத்திரம் இருக்கவேண்டிய வரிசையில் வெறும் எண் ஒன்று நின்றால், பள்ளிச் சட்டை போட்ட பிள்ளைகள் நடுவே வேறு சட்டை போட்ட பிள்ளைபோல் உடனே கண்ணில் படும். மறுபடி அதே விசைகளை அழுத்தினால் பழையபடி ஆகும்.

சூத்திரம் இருந்தும் குறைவாகக் கூட்டுவதும் உண்டு. அதையும் அப்போதே பார்த்துக்கொள்க. மொத்தத்துக்குச் சற்று மேலே புது வரியைச் சேர்த்தால், கூட்டலின் எல்லைக்குள் அது வராமற்போகலாம். ஆகவே மொத்தத்துக்கு மேல் ஒரு வெற்று வரி விட்டு, அந்த வெற்று வரியையும் கூட்டலுக்குள் சேர்த்து, புது வரிகளை அதற்கு மேலேயே நுழைக்கவேண்டும். இது நம் போன்றவர்களுக்கு மட்டும் நேரும் பிழை என்று எண்ணவேண்டாம். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள் நாடுகளின் கடனைப்பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் தாளைப் பார்த்தபோது, சராசரி காணும் ஒரு சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிகளை விட்டுவிட்டிருந்தது தெரிந்தது. அதை அவ்வறிஞர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

அழிந்துவிட்டால்?

உடனே தெரிந்தால் கண்ட்ரோலோடு இசட் அழுத்துக, போனது திரும்பும். தாமதமாகத் தெரிந்தால், பக்கத்து வரியில் நல்ல சூத்திரம் உள்ள கட்டத்தை நகலெடுத்து அங்கே ஒட்டுக. கூகுள் ஷீட்ஸில் “வெர்ஷன் ஹிஸ்டரி” என்பதில் பழைய நிலைகளைத் திரும்பப் பார்க்கலாம். எந்த நாளில் யார் கையால் மாறியது என்பதும் தெரியும். எக்செலில் எழுதுகிறவர்கள் வாரம் ஒரு நகலைத் தேதியிட்டு வேறிடத்தில் வைப்பது உத்தமம்.

முடிவாக ஒரு சொல்

“இனி ஜாக்கிரதையாக எழுது” என்று பையனிடம் சொல்லிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. என் மருமகன் ஜாக்கிரதையாகத்தான் எழுதினான். எழுதாமற்கிடந்த பில்லைத் தேடிப் பிடித்துச் சேர்த்த பிள்ளை அவன். இரவு பத்து மணிக்குக் களைத்த கையால் எழுதும் கணக்கில் எத்தனை ஜாக்கிரதையும் ஒருநாள் தவறும். தவறினாலும் கெடாதபடி தாளை அமைத்து வைப்பது முதலாளியின் கடமை. அதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

கணக்குக் குறைந்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பாருங்கள். மொத்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, உள்ளே சூத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல், முப்பது வருட விசுவாசத்தை நான்கு நாள் நோகச் செய்தேன்.

மறுநாள் காலை நானா கடைக்கு வந்ததும் தாளைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எக்செல் தெரியாது. நான் காகிதத்தில் கூட்டிய கூட்டலை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை கூட்டிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார்.